கடைசியில் யார் போட்டுப் பார்ப்பார்?

(நீலகிரியில் கோத்தகிரி அருகே உள்ள அரவேணுவில் வீடியோ, புகைப்படத் தொழில் செய்வோரும் ஊராரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செல்போனிலேயே 4கே எடுக்கிற காலத்தில் டேப் கேமராவைப் பற்றி என்ன பேச்சு என்று உள்ளே வரும்போதே ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 1990களின் கடைசியிலிருந்து பத்துப் பதினைந்து வருடம் இந்த மலையில் நடந்த கல்யாணம், படகர் ஊர்த் திருவிழாவான ஹப்பா, பள்ளி ஆண்டு விழா, தேர்தல் கூட்டம் எல்லாமே டேப்பில்தான் இருக்கின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, அந்த வாரத்தில் இங்கே யாராவது கேமராவைத் தூக்கியிருந்தால், அனேகமாக அதுவும் டேப்தான். அவற்றில் எது இன்றைக்கும் ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதை அன்றைக்கு அந்தக் கேமராக்காரர் கடையில் எடுத்த முடிவுதான் தீர்மானிக்கிறது. எந்த ஃபார்மட், எந்த கேமரா, எந்த வேகத்தில் பதிவு என்ற முடிவு. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வாங்குவதற்காக இல்லை. உங்கள் அலமாரியில் இருப்பதை எப்படி வெளியே எடுப்பது என்று தெரிய வேண்டுமானால், அது எப்படி உள்ளே போனது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மேசையில் மூன்று கேசட்டுகள் இருக்கின்றன. பெரியது பீட்டாகேம் எஸ்.பி. அரை அங்குல டேப், அனலாக். ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சி செய்து கொடுப்பதென்றால் இதில்தான் கேட்பார்கள். நடுவில் இருப்பது பெரிய அளவு டிவிகேம் கேசட். ஓரத்தில் இருப்பது மினி டிவி. இங்கே நான் டிவி என்று சொல்வதெல்லாம் டிஜிட்டல் வீடியோவை. தொலைக்காட்சியைத் தொலைக்காட்சி என்றே சொல்லிவிடுகிறேன். மினி டிவி கேசட்டின் நீளம் 66 மில்லிமீட்டர், அகலம் 48. சட்டைப் பையில் நாலு போட்டுக்கொண்டு போகலாம். டிவிகேம், மினி டிவி இரண்டுக்கும் உள்ளே ஓடுவது கால் அங்குல டேப்தான்.

1995இல் சோனி விஎக்ஸ் 1000 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. படம் பிடிக்கும் சிசிடி சில்லு மூன்று, மினி டிவி கேசட், கூடவே ஒரு சின்ன ஃபயர்வயர் துளை. இந்தத் துளைதான் தொழிலை மாற்றியது. அதற்கு முன்னால் விஹெச்எஸ்ஸில் எடுத்து, இன்னொரு விஹெச்எஸ்ஸுக்கு எடிட் செய்து, அதிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று என்று போடும்போது மூன்றாவது காப்பியில் தாலியும் தெரியாது, தாலி கட்டியவரும் தெரியாது. டிவியில் டேப்பில் இருக்கும் எண்கள் அப்படியே கம்பி வழியாகக் கணினிக்குப் போகின்றன. பத்தாவது காப்பியும் முதல் காப்பிதான்.

நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் ஒரு ஃபிரேம் 720க்கு 576 புள்ளி. அதை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, வினாடிக்கு 25 மெகாபிட் என்ற கணக்கில் எழுதுகிறது. ஒரு மணி நேரம் ஏறக்குறைய 13 கிகாபைட். ஒரு ஃபிரேமை டேப்பில் 12 சாய்வான கோடுகளாக எழுதும். எழுதும் தலை ஒரு சின்ன உருளையில் உட்கார்ந்து நிமிடத்துக்கு 9,000 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு கோட்டின் அகலமும் 10 மைக்ரான். தலைமுடியைவிடப் பல மடங்கு சன்னம். இந்த 10 என்ற எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோனி தொழில்முறைக்காரர்களுக்கென்று கொடுத்த டிவிகேமில் கோட்டின் அகலம் 15 மைக்ரான். பானாசோனிக்கின் டிவிசிப்ரோவில் 18. டிவிக்கும் டிவிகேமுக்கும் படத்தில் துளி வித்தியாசம் கிடையாது. அதே 25 மெகாபிட், அதே சுருக்கம். அப்படியானால் டிவிகேமுக்கு எதற்கு அதிகக் காசு என்று அன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள். 60 நிமிட கேசட்டில் டிவிகேம் 40 நிமிடம்தான் ஓடும். அந்த இருபது நிமிடத்தை எதற்கு விட வேண்டும்?

விடை பின்னால் வந்தது. அகலமான கோட்டை வேறொரு கேமராவின் தலை சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். பத்து வருடம் கழித்து, டேப் கொஞ்சம் சுருங்கியிருந்தாலும், கேமராவின் உள்பாகம் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் பிடித்துக்கொள்ளும். இதற்கு நேர் எதிர், டேப் மெதுவாக ஓடும் எல்.பி. வேகம். மெனுவில் எஸ்.பி. என்ற வழக்கமான வேகத்தை எல்.பி. ஆக்கினால் 60 நிமிட கேசட்டில் 90 நிமிடம் எடுக்கலாம். கோட்டின் அகலம் 6.67 மைக்ரானாகிவிடும். படத்தில் குறை தெரியாது என்பதால் நிறையப் பேர் அதைச் செய்தார்கள். முகூர்த்தத்துக்கு மூன்று கேசட் ஆகும் இடத்தில் இரண்டு போதுமே! அந்த எல்.பி. டேப்புகள்தான் இன்றைக்குத் தலைவலி. எந்தக் கேமராவில் எடுத்தார்களோ அந்தக் கேமராவில் ஓடும். பக்கத்துக் கடை கேமராவில் கட்டம் கட்டமாக உடைந்து கொட்டும். தொழில்முறை டெக்குகளில் பல எல்.பி.யைத் தொடவே தொடாது. எடுத்த கேமராவோ எப்போதோ பழைய இரும்போடு போயிருக்கும்.

கேமரா வாங்கும்போது எல்லாரும் கேட்டது படம் எப்படி வரும் என்று. கேட்டிருக்க வேண்டியது, இதைக் கடைசியில் யார், எதில் போட்டுப் பார்ப்பார் என்று. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். இனி வருவதெல்லாம் இதை வைத்துத்தான்.

இந்த மலைக்கே உரிய ஒரு சங்கதிக்கு வருகிறேன். சோனி கேமராவில் சி:21:00 என்று ஒரு குறியீடு மின்னும். இங்கே தொழில் செய்தவர்களில் அதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. உள்ளே ஈரம் கோத்திருக்கிறது என்று அர்த்தம். கேசட்டை வெளியே எடுப்பதைத் தவிர வேறு எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. மூடியைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். அங்கே மேளம் கொட்டிக்கொண்டிருக்கும்.

இது மழையில் நனைந்ததால் வருவது என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது இல்லை. மார்கழிக் காலையில் தோட்டத்தில் பனியில் நின்று கொழுந்து பறிப்பதை எடுக்கிறீர்கள். கேமராவின் உள்ளே இருக்கும் உலோக உருளை நன்றாகக் குளிர்ந்துவிடும். அப்படியே தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைகிறீர்கள். அங்கே அரைத்த இலை புளிக்கும் இடத்தில் காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். உலர்த்தும் இயந்திரத்தின் பக்கம் சூடு. அந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த உருளையில் பட்டதும் நீராகப் படியும். 9,000 சுற்றில் சுழலும் ஈர உருளையில் டேப் ஒட்டிக்கொண்டால், டேப்பும் போச்சு, தலையும் போச்சு. அதனால்தான் கேமரா தானே நின்றுவிடுகிறது. கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை மலைப்பாதை வளைவுகளில் இறங்கி ஒரு மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் கல்யாண மண்டபத்துக்குப் போகிறவருக்கும் இதேதான். கிட்டத்தட்ட ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறங்கியிருக்கிறார். உடம்பு வியர்க்கிறது, கேமரா இன்னும் கோத்தகிரியில் இருக்கிறது.

வழி மிகச் சாதாரணம். குளிரில் இருக்கும்போதே கேமராவை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டிவிட வேண்டும். சூடான இடத்துக்குப் போன பிறகு, பைக்குள்ளேயே கேமரா அந்தச் சூட்டுக்கு வரட்டும். ஈரம் பையின் வெளியே படியும், உள்ளே படியாது. தயாரிப்பாளர் கொடுக்கும் கையேட்டிலேயே இது அச்சடித்திருக்கிறது. கையேட்டைப் படிக்கிறவர்தான் கிடையாது. மலையில் வேலை செய்கிறவர் கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது லென்ஸைப் பார்ப்பதற்கு முன்னால், கேசட் போடும் கதவு எப்படி மூடுகிறது, ஈரம் வந்தால் என்ன செய்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். சமவெளியில் எழுதப்பட்ட எந்த கேமரா விமரிசனத்திலும் அது இருக்காது.

அடுத்தது வெள்ளை. பேரகணியில் படகர்களின் ஹெத்தையம்மன் ஹப்பாவை எடுத்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஆண்களும் பெண்களும் எல்லாரும் வெள்ளை உடுத்தியிருப்பார்கள். மேலே மஞ்சு இறங்கியிருந்தால் வானமும் வெள்ளை. கேமராவை ஆட்டோவில் விட்டால், இவ்வளவு வெளிச்சமா என்று பயந்து ஐரிஸை மூடும், முகமெல்லாம் கறுத்துப்போகும். முகத்துக்காக ஐரிஸைத் திறந்தால் சீலையும் முண்டும் வெளுத்துக் காகிதமாகிவிடும். டிவியில் 8 பிட்தான். வெளுத்துப்போன இடத்தில் எதுவும் எழுதப்படுவதில்லை; எடிட்டிங்கில் திரும்பக் கொண்டுவர முடியாது. இதற்குத்தான் தொழில்முறை கேமராவில் வரிக்குதிரைக் கோடு என்ற ஒன்று இருக்கிறது. ஜீப்ரா. 100இல் வைத்துக்கொண்டால், எந்த இடம் எல்லை தாண்டுகிறதோ அங்கே வியூஃபைண்டரில் கோடு ஓடும். சீலையின் மடிப்பு ஓரங்களில் மட்டும் கோடு வந்து, நடுவில் வராத அளவுக்கு ஐரிஸைக் கையால் பிடிக்க வேண்டும். கையால் ஐரிஸைத் திருப்ப ஒரு வளையமோ சக்கரமோ இல்லாத கேமரா, எத்தனை சிசிடி இருந்தாலும், இந்த ஹப்பாவுக்கு ஆகாது. ஆட்டோ ஃபோகஸும் அப்படியே. மஞ்சில் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டுக் கையால் பிடியுங்கள்.

இனி, கடைத்தெருவில் ஓடிய கேமராக்கள். டிஜிட்டலுக்கு முன்னால் பானாசோனிக்கின் எம் 3500 என்ற விஹெச்எஸ் கேமரா; கல்யாண வீடியோ என்றாலே அதுதான். டிஜிட்டல் வந்த பிறகும் வாடிக்கையாளருக்குத் தோளில் வைக்கும் பெரிய கேமராதான் வேண்டும். சின்ன கேமராவோடு போனால், இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு பொம்மையைக் கொண்டு வந்திருக்கிறாரே என்று சம்பந்தி கேட்பார். பானாசோனிக்கின் எம்டி 9000, எம்டி 10000 போன்றவை அதற்காகவே விற்றன: உள்ளே மினி டிவி, வெளியே பெரிய உடம்பு. கேலியாகச் சொல்லவில்லை. தொழிலில் அதுவும் ஒரு கணக்கு. தோளில் உட்காரும் கேமரா மூன்று மணி நேர முகூர்த்தத்தில் கையை ஒடிக்காது.

ஆனால் வேலைக்காரர்கள் போற்றியது சோனி பிடி 150ஐ. அது 2000இல் வந்தது. அடுத்து வந்தது பிடி 170. டிவியும் டிவிகேமும் இரண்டும் எழுதும். பெரிய மைக்கை நேராகச் செருக எக்ஸ்எல்ஆர் துளை இரண்டு. கோடநாடு காட்சிமுனையில் காற்றடிக்கும்போது கேமராவின் சொந்த மைக்கை நம்பியவர்கள் அந்தத் துளையின் அருமையை அறிவார்கள். எல்லாவற்றையும்விட இருட்டில் அதன் கண். பிடி 170க்கு ஒரு லக்ஸ் வெளிச்சம் போதும் என்றார்கள். இரவு ஊர்க் கோயிலில் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஆட்டத்தை எடுக்க, அந்த விலையில் அதை மிஞ்சியது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. ஒலியில் ஒரு பொறி உண்டு: வீட்டு உபயோகக் கேமராக்களில் பல 12 பிட் ஒலியை எழுதும். மெனுவில் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் எடுத்த டேப்புகள் இன்றைக்கும் வருகின்றன.

2003இல் ஹெச்டிவி என்ற ஃபார்மட்டை அறிவித்தார்கள். அடுத்த வருடம் சோனி எஃப்எக்ஸ் 1, பிறகு ஜெட் 1. அதே மினி டிவி கேசட்டில், அதே 25 மெகாபிட்டில், 1440க்கு 1080 புள்ளி. கேட்டால் யாருக்கும் ஆசை வரும். இங்கேதான் தேயிலைத் தோட்டம் வேலையைக் காட்டியது. டிவி ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகச் சுருக்குகிறது. ஹெச்டிவி அப்படி இல்லை. நம் 25 ஃபிரேம் முறையில் 12 ஃபிரேமை ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்டு, ஒன்றை முழுதாக எழுதி, மற்றவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதும். மேடையில் நின்று பேசுகிறவரை எடுத்தால் மிகப் பிரமாதம். அவருக்குப் பின்னால் திரை அசைவதில்லை. காற்றில் ஒரு சரிவு முழுக்க இலை ஆடும்போது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாமே மாறுகிறது. 25 மெகாபிட்டில் அடங்காது. இலை இலையாகத் தெரிய வேண்டியது பச்சைக் கூழாகிவிடும். டேப்பில் ஒரு தூசு பட்டால் டிவியில் ஒரு ஃபிரேமில் ஓரத்தில் ஒரு கட்டம் போகும். ஹெச்டிவியில் அந்தக் கூட்டமே, கிட்டத்தட்ட அரை வினாடி, போய்விடலாம். வெளிச்சமும் கூடுதலாகக் கேட்கும். அதனால் ஹெச்டிவி வந்த பிறகும் இரவு வேலைக்குப் பிடி 170ஐ விடாதவர்கள் பத்தாம்பசலிகள் அல்ல. தங்கள் வேலையை அறிந்தவர்கள். ஆனால் அகலத் திரைக்கு ஹெச்டிவிதான். பிடி 170இல் 16க்கு 9 என்று போட்டால் மேலும் கீழும் வெட்டித்தான் கொடுக்கும். அது மெய்யான அகலம் அல்ல.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கேமராக்கள் ஒரு தனிக் கதை. துபாயிலிருந்து வந்தது பால், சிக்கல் இல்லை. அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்தது என்டிஎஸ்சி. வினாடிக்கு 60 ஃபீல்டு எடுக்கும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் துடிக்கும். அதை நம் ஊர் எடிட்டிங் மேசையில் பால் காட்சிகளோடு சேர்க்கும்போது இன்னொரு சங்கடம். நீலகிரியில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய. மலையகத்தில் சொந்தம் உள்ளவர்கள் கல்யாண கேசட்டை அங்கே அனுப்பினால் கவலை இல்லை. இலங்கையும் பால். டொரொன்டோவுக்கு அனுப்பினால் அங்கே அதைப் போட்டுப் பார்க்கத் தனி வசதி வேண்டும். யார் எதில் போட்டுப் பார்ப்பார் என்ற கேள்வி கடல் தாண்டியும் வரும்.

சினிமாவைப் பற்றி இரண்டு வார்த்தை, தம்பிகள் எதிர்பார்ப்பீர்கள். 1998இல் டென்மார்க்கில் 'ஃபெஸ்டன்' என்ற படத்தை, சோனியின் உள்ளங்கை அளவு மினி டிவி கேமராவில் எடுத்தார்கள். 2002இல் '28 டேஸ் லேட்டர்' பெரும்பாலும் கேனன் எக்ஸ்எல் 1இல். இரண்டுக்கும் ஒளிப்பதிவு ஆண்டனி டாட் மேன்டில். இரண்டாவது படத்துக்கு வெறிச்சோடிய லண்டன் தெருக்களைச் சில நிமிடங்களுக்குள் பல கோணத்தில் எடுக்க வேண்டியிருந்தது. சின்ன கேமராக்கள் இருந்ததால் முடிந்தது. தரத்துக்காக அல்ல, வேலைக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் பக்கம் 2004இல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்', 2005இல் கமல்ஹாசன் நடித்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' ஆகியவை டிஜிட்டலில் எடுத்துப் பார்த்த முன்னோடிகள். ஆவணப்படத்தில், அமுதன் ஆர்.பி. மதுரையில் தெருவில் மலம் அள்ளும் பெண்ணொருவரின் வேலையைப் பின்தொடர்ந்த 'பீ' 2003இல் வந்தது. அந்தத் தெருவுக்குள் பெரிய கேமராவும் விளக்கும் ஆறு பேரும் போயிருந்தால் படமே இல்லை. டேப் ஃபார்மட்களின் உச்சியில் டிஜிட்டல் பீட்டாகேம் இருந்தது, 10 பிட். அதற்கும் மேலே ஹெச்டிகேம், வினாடிக்கு 140 மெகாபிட்டுக்கும் மேல். அவை பெரிய நிறுவனங்களின் வாடகைப் பொருள். நமக்கு அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

டேப் எப்படி முடிந்தது? மெமரி கார்டு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது சென்டாய் பக்கத்தில் சோனியின் டேப் தொழிற்சாலை அடிபட்டது. ஹெச்டிகேம் எஸ்ஆர் டேப்புக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. தயங்கிக்கொண்டிருந்த நிறுவனங்கள் அந்தச் சில மாதங்களில் டேப்பை விட்டுக் கோப்பாகப் பதிவதற்கு மாறின. பிறகு திரும்பி வரவில்லை. ஒரு ஃபார்மட்டைத் தேர்ந்தெடுப்பவர், அந்த டேப்பை உலகில் எத்தனை தொழிற்சாலை தயாரிக்கிறது என்று ஒருபோதும் கேட்பதில்லை.

இனி உங்கள் அலமாரி. இன்றைக்கு ஒரு டேப் கேமரா வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்: பழைய டேப்பை ஓட்டுவது. அதற்கு எதை வாங்குவது? என்னைக் கேட்டால் சோனி ஜெட் 1 நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள். டிவி, டிவிகேம், ஹெச்டிவி மூன்றையும் ஓட்டும். பால், என்டிஎஸ்சி இரண்டும் பேசும். பெரிய அளவு டிவிகேம் கேசட்டுகள் இருந்தால் டிஎஸ்ஆர் 11 போன்ற டெக் வேண்டும். எல்.பி. டேப் இருந்தால் அதே காலத்து வீட்டு உபயோகக் கேமரா ஒன்றைத் தேடுங்கள். முடிந்தால் எடுத்த அதே கேமராவை. வாங்கும் முன் தலை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மெனுவில் பாருங்கள். தொழில்முறை மாடல்கள் பலவற்றில் அந்தக் கணக்கு இருக்கும். ஐரிஸ், சிசிடி எல்லாம் பழுதானாலும் கவலையில்லை. டேப்பை ஓட்டினால் போதும்.

கேமராவின் பக்கத்தில் யுஎஸ்பி துளையும் இருக்கும். அந்தக் காலத்துக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் அது புகைப்படத்துக்கானது; வீடியோவுக்கு ஃபயர்வயர்தான். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பியில் எடுத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். டிஜிட்டலாக இருப்பதை அனலாக்காக்கி மறுபடி டிஜிட்டலாக்குகிறார். நடுவில் போவது போனதுதான். ஃபயர்வயர் கம்பியைச் செருகும்போது கேமராவும் கணினியும் இரண்டும் அணைந்திருக்கட்டும். ஓடும்போது செருகித் துளையை எரித்தவர்கள் ஏராளம். பழைய மேசைக் கணினி ஒன்றில் ஃபயர்வயர் அட்டை போட்டு, அதை இந்த வேலைக்கே ஒதுக்கிவிடுங்கள். 2025இல் வந்த மேக் இயங்குதளத்தில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். வழி ஒவ்வொன்றாக அடைபடுகிறது.

டேப்பைப் போடுவதற்கு முன் கேசட்டின் சின்னக் கதவைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளையாகப் பூ பூத்திருந்தால் அது பூஞ்சை. இந்த மலை ஈரத்தில் அது சகஜம். அதைக் கேமராவில் போட்டால் தலையில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல டேப்புக்கும் பரவும். தனியாக எடுத்து வையுங்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல டேப்பை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு பதிவுசெய்யுங்கள். வரும் கோப்பு பெரியதாக இருக்கிறது என்று உடனே எம்பி4 ஆக்கி மூலக் கோப்பை அழிக்காதீர்கள். நூறு கேசட் என்றால் 1.3 டெராபைட். இரண்டு டெராபைட் டிஸ்க் ஒன்றில் அடங்கிவிடும். டிஸ்க் இரண்டு வாங்கி இரண்டு வீட்டில் வையுங்கள். பதிவு முடிந்த டேப்பையும் எறியாதீர்கள். பெட்டியில் நெட்டுக்குத்தாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.

முன்னுரிமை எதற்கு என்று கேட்பீர்கள். முதலில் எல்.பி. அடுத்து ஹெச்டிவி. டிவிகேம் கடைசியில், அது இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். கல்யாணத்தைவிட ஊர்ப் பொதுவானவற்றை முதலில் எடுங்கள்: ஹப்பா, பாட்டி தாத்தாக்கள் படகர் மொழியில் சொன்ன கதைகள், 2009 மண்சரிவு. கல்யாண வீடியோவுக்குக் குடும்பத்தில் இன்னொரு பிரதி இருக்க வாய்ப்பு உண்டு; இவற்றுக்கு இல்லை.

இங்கே இருக்கும் ஸ்டூடியோக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஜெட் 1 தேடி அலைய வேண்டாம். கோத்தகிரி வட்டாரத்துக்குப் பொதுவாக ஓடும் கேமரா ஒன்றையும் கணினி ஒன்றையும் ஓர் இடத்தில் வையுங்கள். உங்கள் கடையில் மூலையில் கிடக்கும் பழைய கேமராவை, ஓடாவிட்டாலும், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் உதிரிபாகம் இன்னொன்றை ஓட வைக்கும். வீட்டில் கேசட் வைத்திருப்பவர்கள் எந்தக் கேமராவில் எடுத்தது, எஸ்.பி.யா எல்.பி.யா என்று தெரிந்தால் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதிவைத்து, அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் கொண்டுவந்து கொடுங்கள்.